கடலுக்குப் போகும் வீடு

எங்கள் சந்தனமுனையில் ஒரு வீடு கைமாறப் போகிறதென்றால் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அது தெரிவதற்கு முன்பே மீன் ஏலம் விடுகிற இடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரும் அவர் மனைவியும் கடைசிக்காலத்துக்குக் கடலோரமாய் ஒரு வீடு தேடி வருகிறார்கள் என்றதும், அவர்கள் திருச்செந்தூர் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள்ளேயே அவர்களுக்கு எந்த வீடு பொருந்தும் என்று நாங்கள் கூடிப் பேசி முடிவு செய்து வைத்திருந்தோம். அது கித்தேரி வீட்டுக்கு அடுத்த வீடு. மூன்று அறை, ஓட்டுக்கூரை, சிவப்புக் காவித் தரை, கடலைப் பார்த்த நீல ஜன்னல்கள், வெளியே முற்றத்தில் ஒரு கிணறு. சொந்தக்காரர்கள் மஸ்கட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டதால் வவ்வால்களைத் தவிர யாருக்கும் உதவாமல் கிடந்தது.

கடல் வேண்டுமென்று ஆசைப்பட்டவர் அர்த்தநாரி. வேலை பார்த்த காலம் முழுக்கப் பிளாட்பாரத்தில் நின்று பச்சைக்கொடி காட்டியவர் அவர். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் போகிற வண்டிகளையெல்லாம் வழியனுப்பிவிட்டு, வண்டியின் கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துவிட்டு, உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டவர். அவர் மனைவி பூங்கோதைக்குக் கடலும் ஒன்றுதான், கருவேலங்காடும் ஒன்றுதான். அவள் கேட்டது வேறு. அவர் மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே போய், ரயில்வே குவாட்டர்ஸில் அடுப்பு வைத்து, கொல்லையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டு, அது ஆள் உயரம் வருவதற்குள் மறுபடி பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, அடுத்த ஊருக்குப் போனவள் அவள். எத்தனை குவாட்டர்ஸ் என்று எண்ணுவதைக்கூட அவள் என்றோ விட்டுவிட்டாள். மூட்டை கட்டுவதைவிட அவளுக்குக் கஷ்டமாக இருந்தது அக்கம்பக்கத்தாரிடம் விடைபெறுவது. இனி அந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கப் போவதில்லை என்று நன்றாகத் தெரிந்தும் வாசலில் நின்று, "போயிட்டு வர்றோமுங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

ஆகவே வீடு பார்க்க வந்த அன்று அர்த்தநாரி ஜன்னலோரமாகப் போய்க் கடலைப் பார்த்தபடி நின்றுவிட, பூங்கோதை சுவர்களையெல்லாம் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள், தூணை ஆட்டிப் பார்த்தாள், வெளியே வந்து அஸ்திவாரத்தைக் காலால் எத்திப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது அசையாதுங்களா?" என்று புரோக்கரிடம் கேட்டாள்.

"சுனாமிக்கே அசையாத வீடும்மா" என்றார் புரோக்கர். அது உண்மைதான். சுனாமிக்கு அது அசையவில்லை.

"அப்பச் சரிங்க" என்றாள் அவள். கணவரிடம் திரும்பி, "இங்கிருந்து நானு எங்கீயும் வரமாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்" என்றாள். அவரும் தலையாட்டினார்.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியதுதான், ஆனால் அடுத்த வீட்டுக் கித்தேரி விடவில்லை. அவள் நல்ல மனசுக்காரி, ஆனால் பிடித்தால் பிடித்த பிடி. "நீங்க உங்க முறைக்குப் பால் காய்ச்சுங்க, நல்லது. ஆனா நம்ம ஊர்ல சாமி வந்து மந்திரிக்காம யாரும் புதுவீட்ல தலை சாய்க்கிறது கிடையாதும்மா, ஒரு தண்ணி தெளிச்சாத்தான் எங்களுக்கு ஒறக்கம் வரும்" என்றாள். உறக்கம் யாருக்கு வரவேண்டும் என்று பூங்கோதைக்கு விளங்கவில்லை, ஆனாலும் வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று சரி சொன்னாள்.

பங்குச்சாமி தார்சிஸ் அடிகள் வந்தார். வயதானவர், எங்களுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்தவர், கண்ணாடியை மட்டும் எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவார். அன்றும் மறந்திருந்தார். புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டார், ஆனால் எழுத்து தெரியாததால் மனப்பாடமாக இருந்ததைச் சொன்னார். எங்கள் ஊரில் புதுவீடு கட்டி வருஷக்கணக்காகிவிட்டது, புது வள்ளமோ மாதம் தவறாமல் கடலில் இறங்குகிறது, அதனால் அவர் நாவில் இருந்தது வள்ளம் மந்திரிக்கிற செபம்தான். காற்றும் நீரோட்டமும் இதற்குத் துணையாக இருக்கட்டும், இதன் அடிப்பலகை கசியாதிருக்கட்டும், இதன் வலை வெறுமையாய்த் திரும்பாதிருக்கட்டும் என்று அவர் கணீரென்று சொல்லிக்கொண்டே போக, கூடியிருந்த எங்கள் அத்தனை பேருக்கும் அது தப்பான செபம் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு முன்னால் சாமியைத் திருத்துவதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, எல்லோருமாகச் சேர்ந்து உரக்க ஆமென் சொன்னோம்.

"அடிப்பலகைன்னா என்னங்க?" என்று பூங்கோதை மெல்லக் கேட்டாள்.

"அஸ்திவாரந்தாம்மா" என்றாள் கித்தேரி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் பூங்கோதை வெளியே வந்து, முந்தின நாள் முற்றத்தில் நட்ட கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கிணற்றடியில் முகம் கழுவித் திரும்பிப் பார்த்தபோது வீட்டைக் காணவில்லை. சுற்றுச்சுவர் இருந்தது, கிணறு இருந்தது, கன்று இருந்தது, வீடு நின்ற இடத்தில் அஸ்திவாரம் மட்டும் பெருக்கித் துடைத்தாற்போல் இருந்தது. கரைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வள்ளங்களெல்லாம் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தன, அவற்றுக்கு நடுவில் ஓட்டுக்கூரையும் நீல ஜன்னல்களுமாக அவள் வீடும் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அர்த்தநாரி தூங்கிக்கொண்டிருந்தார்.

கித்தேரி காப்பித் தம்ளரோடு வந்தாள். "எம்மா, பயப்படாதீய. வீடு கடலுக்குப் போயிருக்கு. வெயில் ஏறுமுன்ன வந்துரும்."

"வீடு எங்கீங்க கடலுக்குப் போகும்?"

"மந்திரிச்ச வள்ளம் போகாம இருக்குமா?" என்றாள் கித்தேரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடிப்பலகைன்னா அஸ்திவாரம் இல்லம்மா. அது தெரிஞ்சும் நாந்தான் மாத்திச் சொன்னேன். சாமிய எப்படி நடுவுல நிறுத்தச் சொல்றது?" என்றாள்.

பூங்கோதை காப்பியை வாங்கிக்கொண்டு அஸ்திவாரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

வெயில் ஏறுகிற நேரத்தில் வீடு வந்துவிட்டது. அலையில் ஏறி, மணலில் சறுக்கி, வலை காயப்போட்டிருந்த இடத்தைப் பதவிசாகச் சுற்றிக்கொண்டு வந்து தன் அஸ்திவாரத்தில் உட்கார்ந்தது. ஜன்னல்களுக்கு அடித்திருந்த கொசுவலை கொள்ளாத அளவுக்கு நெத்திலி. அர்த்தநாரி பனியனோடு வாசல்படியில் நின்றிருந்தார், கையில் சிவப்புக்கொடி. அதைக் காட்டியதும்தான் வீடு சுற்றுச்சுவரில் இடிக்காமல் நின்றது என்று அவர் சொன்னார். எங்களுக்கு அதில் சந்தேகம் உண்டு, ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் மறுத்துப் பேச மனசு வரவில்லை. அப்படியொரு முகத்தை நாங்கள் கோவிலில் முதல் நன்மை அப்பம் வாங்குகிற பிள்ளைகளிடம்தான் பார்த்திருக்கிறோம்.

அன்று சாயங்காலமே ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் இஞ்ஞாசி எதையும் நீட்டிப் பேசமாட்டார். "கடலுக்குப் போனா அது வள்ளம், அவ்வளவுதான். வள்ளத்துக்கு என்ன சட்டமோ அதுதான் இதுக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வீடு கடலுக்குப் போகக்கூடாது, ஊரில் சாவு விழுந்தால் போகக்கூடாது, அடுத்தவன் வலை விட்ட இடத்தில் குறுக்கே போகக்கூடாது, கோவில் பங்கு மீனைத் தவறாமல் கொடுக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது என்று ஒருவன் கேட்டான். தடை இன்ஜின் போட்டுக்கொண்டு போகிற பெரிய படகுக்குத்தானே, வீட்டுக்கு ஏது இன்ஜின் என்று சொல்லி அவனை உட்கார வைத்தோம். வீட்டிடம் யார் இதையெல்லாம் சொல்வது என்ற கேள்வி வந்தபோது இஞ்ஞாசியே போய் வாசல் நிலையைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். அந்த வாரம் ஞாயிறன்று அது அசையாமல் இருந்தது.

அதற்கப்புறம் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பால்காரன் பாலைக் கிணற்றுமேட்டில் வைத்துவிட்டுப் போனான். தபால்காரர் தபாலைக் கித்தேரியிடம் கொடுத்தார். கரண்ட் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போகிறதே என்று, எங்களூர் எலக்ட்ரீசியன் பிளக் வைத்துக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு வயரைப் பூட்டிக்கொடுத்தான், காலையில் கழற்றிவிடுவது அர்த்தநாரியின் பொறுப்பு. வீட்டு வரி கேட்டு வந்தவர் அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டு இது எங்கள் சமாச்சாரம் இல்லை, படகுப் பதிவுக்காரர்களைப் போய்ப் பாருங்கள் என்றார். படகுப் பதிவுக்காரர் கடலில் வைத்து அதைப் பார்த்துவிட்டு, ஓடு வேய்ந்ததெல்லாம் எங்களுக்கு வராது என்றார். இஞ்ஞாசி தன் செலவில் அதன் பக்கச்சுவரில் ஒரு நம்பர் எழுதிவைத்தார்.

கடலிலோ அது எங்களுக்குச் செல்லப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அர்த்தநாரி அடுப்பைப் பற்றவைத்து நடுக்கடலில் டீ போட்டார். எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து கடலுக்குப் போகிறோம், ஒருநாளும் அலைமேல் உட்கார்ந்து சுடச்சுட டீ குடித்ததில்லை. வலையை இழுத்துக் களைத்தவர்கள் அதன் நிழலில் வள்ளத்தைக் கட்டிவிட்டு, "அண்ணாச்சி, ஒரு டீ" என்று ஜன்னலைத் தட்டுவார்கள். அவரும் கொடுப்பார். டீ குடித்த வள்ளம் கிளம்பும்போது பச்சைக்கொடி காட்டுவார்.

பூங்கோதை மட்டும் அதில் ஏறவில்லை. வீடு கரையில் இருக்கும்போது உள்ளே சமைத்தாள், படுத்தாள். கரைக்காற்று எழும்புகிற நேரத்துக்கு முன்பே தலையணையும் போர்வையுமாக இறங்கி வந்து கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வீடு போவதை அவள் பார்க்கமாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாடு போட்டபடியே அவள் கேட்டாள்: "ஏனுங்க, நானு உங்களைக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானுங்களே."

அர்த்தநாரி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "தெரியுங் கோதை" என்றார். அவர் மனைவியை மரியாதை போட்டுப் பேசுகிறவர். "சாமிகிட்டச் சொல்லி நிறுத்திப்போடலாம். வீட்டு மந்திரத்தைச் சொல்லிட்டா நின்னுக்குமாம், இஞ்ஞாசி சொன்னாரு. வர்ற ஞாயித்துக்கெழமையே வெச்சுக்கலாம்."

"நெசமாலுமா?"

"நெசமாத்தானுங்."

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டு எழுந்ததும் அவர் கொடிகள் இரண்டையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய், உப்புப் போக அலசி, கயிற்றில் காயப்போட்டு, காய்ந்ததும் மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில், யாரும் போடாத பழைய கம்பளிக்குக் கீழே வைத்தார். அவள் அதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தான் கேட்டது கிடைத்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று கித்தேரி சொன்னாள்.

சேதி ஊருக்குத் தெரிந்தது. யாரும் அவளிடம் வேண்டாமென்று சொல்லவில்லை. வீட்டுக்காரி அவள், அவள் சொல்வதுதான் சட்டம். டீ குடித்துப் பழகியவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தார்கள், அதற்கு யார் என்ன செய்ய முடியும்.

அந்த ஞாயிறுக்கு முந்தின நாள் வீடு கடைசித் தடவையாக, அப்படித்தான் நாங்கள் நினைத்தோம், கடலுக்குப் போனது. கொடியை எடுக்காமல் வெறுங்கையோடு ஏறிய கணவரை அவள் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

வெயில் ஏறியது, வீடு வரவில்லை. வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கித்தேரியின் கணவர் சூசையின் வள்ளமும் வரவில்லை. மற்றவர்களைக் கேட்டால், வாடைப்பக்கம் காற்று திரும்பிவிட்டது, நாங்கள் பார்க்கும்போது வீடு தெற்கே இருந்தது என்றார்கள். உச்சிவெயில் தாண்டியும் வரவில்லை. பூங்கோதை அஸ்திவாரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டாள். படுக்கையறை இருக்கும் இடத்தில் கொஞ்சநேரம் நின்றாள், அடுக்களை இருக்கும் இடத்தில் கொஞ்சநேரம் நின்றாள், பிறகு வாசல்படி இருக்கும் இடத்துக்கு வந்து அங்கேயே நின்றாள். கித்தேரி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அசையாத தரை அவ்வளவு பெரிதாக அவள் காலுக்குக் கீழே இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பொழுது சாய ஆரம்பித்தபோது ஓட்டுக்கூரை தெரிந்தது. பிறகு நீல ஜன்னல். ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் சூசையின் வள்ளம். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய் நீரோட்டத்தில் இழுபட்டுக்கொண்டிருந்த வள்ளத்தை வீடு காற்றுக்கு எதிரே மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தது. கரைக்கு வந்ததும் சூசையும் ஆட்களும் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். வீடு மணலில் ஏறி வந்தது. கூரையில் சில ஓடுகளைக் காணோம், சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. வாசலில் அவள் நிற்பதைப் பார்த்து அது சற்றுத் தயங்கி நின்றது. அவள் ஒதுங்கி இறங்கியதும் அடைக்கு உட்காரும் கோழி மாதிரி இப்படியும் அப்படியும் லேசாகத் திரும்பி, சத்தமில்லாமல் தன் இடத்தில் அமர்ந்தது. வாசல்படி சரியாக அவள் காலருகில் வந்து நின்றது.

அர்த்தநாரி இறங்கினார். சட்டை முழுக்க ஈரம்.

"சோறு ஆறிப்போச்சுங்க" என்றாள் பூங்கோதை. வீடு வாங்க வந்த அன்றைக்கு வைத்த மாதிரியே சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவருக்கு மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தார்சிஸ் அடிகள் வந்தார். இந்த முறை கண்ணாடியை நூல் போட்டுக் கழுத்திலேயே மாட்டியிருந்தார். ஊரே முற்றத்தில் கூடிவிட்டது. அவர் புத்தகத்தில் வீட்டு செபத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "தொடங்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு நிமிசமுங்க சாமி" என்றாள் பூங்கோதை. "முன்னாடி தப்பாச் சொன்னீங்களே, அந்த மந்திரம் என்னத்தைக் கேக்குமுங்க? போகோணும்னா?"

சாமி யோசித்தார். "இல்லம்மா. போகணும்னு கேக்கத் தேவையில்ல, வள்ளம் அதுவாப் போயிரும். திரும்பி வரணும்னுதான் கேக்கும். அந்தச் செபத்துல அது ஒண்ணுதான் முக்கியம்."

"இப்பச் சொல்லப் போறது?"

"நின்ன எடத்துல நிலைச்சு நிக்கணும், வாறவுகளுக்கு நிழல் குடுக்கணும், வம்சம் தழைக்கணும்னு கேக்கும்."

பூங்கோதை வீட்டைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் குடியிருந்த வீடுகளெல்லாம் நின்ற இடத்தில்தான் நின்றன, ஒன்றுகூடத் தன்னிடம் திரும்பி வந்ததில்லை என்று அப்போது நினைத்ததாகப் பின்னாளில் கித்தேரியிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் முற்றத்துக்குக் குறுக்கே நடந்துபோய்த் தன் முழங்கால் உயரக் கறிவேப்பிலைக் கன்றுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அதை இதுக்குச் சொல்லிப்போடுங்க சாமி" என்றாள்.

சாமி ஒருகணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, மந்திரித்த தண்ணீரோடு அந்தக் கன்றைச் சுற்றிவந்து, இதன் வாசலில் சமாதானம் இருக்கட்டும், இதன் அடியில் வாழ்கிறவர்கள் பசியறியாதிருக்கட்டும், இது எந்தக் காற்றுக்கும் அசையாதிருக்கட்டும் என்று வீட்டு செபத்தை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொல்லி முடித்தார். நாங்கள் ஆமென் சொன்னோம்.

கன்று பிடித்த பிடியில் வளர்ந்தது. கறிவேப்பிலை அவ்வளவு படர்ந்து யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அதனடியில் போகிறவர்கள் யாரும் சொல்லாமலேயே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுப் போகிறார்கள், ஒரு கொத்து இலை பறிக்க வந்தவர்கள் சாயங்காலம்வரை உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். வரிக்காரர் மறுபடி வந்தபோது மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதற்கு வீட்டு வரி போடலாம் என்று நிம்மதியாக எழுதிக்கொண்டார். கரண்ட் மீட்டரும் இப்போது அதில்தான் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. செபம் சொன்ன மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் என்ன நடந்தது என்றால், தலையணையும் போர்வையுமாக அவள் இறங்கி வருவாள் என்று கித்தேரி காப்பித் தம்ளரோடு காத்திருக்க, பூங்கோதை தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, வெளியூர் போகிறவள் போலப் புதுச்சேலை கட்டி, கையில் எதையோ சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றாள். உள்ளே திரும்பி, "ஏனுங்க, இதை மறந்துபோட்டு எங்கீங்க கெளம்புறீங்க?" என்று டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த கொடிகளை நீட்டினாள். அவர் பச்சைக்கொடியை வாங்கிக்கொண்டார்.

கரைக்காற்று எழும்பியது. வீடு அஸ்திவாரத்தை விட்டு மெல்லக் கிளம்பியது. பூங்கோதை நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கித்தேரியையும் கிணற்றையும் கன்றையும் பார்த்து, "போயிட்டு வர்றனுங்க" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள்.